கிழவரின் கை சிவந்தது

"ஊர்ப் பெருமக்களின் மேலான கவனத்துக்கு! காற்றையும் மழையையும் காலத்தையும் வென்று நிற்பதும், மூன்று தலைமுறைகளின் தவத்தால் உருவானதும், நம் ஊரின் மானத்தைத் தன் தோளில் தாங்குவதுமாகிய 'நிலவுக்குக் கை நீட்டும் கிழவர்' என்ற அரிய ஸான் மரத்தை, வசந்தவிழாக் கண்காட்சித் தேர்வுக் குழு இன்று பிற்பகல் நேரில் கண்டு சிறப்பிக்க இருக்கிறது. பொதுமக்கள் ஒழுக்கத்துடன் திரண்டு வரலாம். மரத்தைத் தொடக் கூடாது. எருமைகளைத் தெருவில் கட்டக் கூடாது."

கம்பத்து ஒலிபெருக்கி விடியற்காலையில் இப்படி முழங்கியதும் சேவல்கள்கூடக் கொஞ்சம் மரியாதையாக ஒதுங்கிக்கொண்டன.

அறிவிப்பை எழுதியவர் திரு. லுவான். தொட்டிப் பாறையில் குறுக்கி வளர்த்த அந்த ஆல வகை மரத்துக்குச் சொந்தக்காரரும் அவரே. தேர்வுக் குழுவின் துணைத் தலைவரும், தற்செயலாக, அவரேதான். தன் வீட்டு மரத்தைத் தானே தேர்ந்தெடுப்பது முறையல்ல என்பதால், குழு அதைப் பார்வையிடும் நேரத்தில் மட்டும் மற்றவர்களிடமிருந்து ஓர் எட்டு தள்ளி நிற்கப்போவதாகக் கூட்டத்தில் அறிவித்திருந்தார். அந்தப் பெருந்தன்மையைக் குழு கைதட்டி வரவேற்றிருந்தது.

இப்போது அவர் பைஜாமாவோடு முற்றத்தில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"'தவத்தால்'ங்கற இடத்துல மூச்சு விட்டுட்டா பாரு. அங்க மூச்சு விடாதேன்னு மைக்குல வாசிக்கற பொண்ணுகிட்ட அத்தனை தடவை சொன்னேன்" என்றார்.

"அவளும் மனுஷிதானேங்க" என்றாள் அவர் மனைவி மியென், சமையலறைக்குள்ளிருந்து.

மூச்சைப் பற்றி அன்று பேசக்கூடிய நிலையில் மியென் இல்லை. அவளுக்கே மூச்சு சரியாக வரவில்லை. அவள் சன்னல் வழியாக மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொடரை வாரா வாரம் வாசிப்பவர்களுக்கு மியென் மரத்தையே பார்ப்பதன் காரணம் தெரியும். இந்த வாரம் வந்து சேர்ந்தவர்களுக்காக மறுபடி சொல்கிறோம். தெரிந்தவர்கள் அதுவரை தேநீர் ஊற்றிக்கொள்ளலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், புத்தாண்டு கழிந்த கையோடு, லுவான் கண் அறுவைக்காகத் தெற்கே சைகோனில் இருக்கும் மூத்த மகள் வீட்டுக்குப் போனார். பேரப்பிள்ளைகள் தன் கவிதைகளைக் கேட்டு ஓடாத வயதில் இருந்ததால் இலையுதிர் காலம் வரை அங்கேயே தங்கிவிட்டார். இங்கே ஊரில், வாரக்கணக்கில் பெய்த பூந்தூறல் நின்று ஒருநாள் வெயில் அடித்தது. தரையெல்லாம் வியர்த்து, சுவரெல்லாம் பூஞ்சை பிடித்திருந்த ஊர், கிடைத்த வெயிலில் போர்வைகளைத் துவைத்துப் போட்டது. மியென் வீட்டுக் கொடியில் இடமில்லை. எருமைக் கன்று கனம் கனத்த பஞ்சுப் போர்வையோடு சுற்றுமுற்றும் பார்த்தவளுக்கு, தொட்டித் தண்ணீருக்கு மேலே வாகாக நீண்டிருந்த அந்த மரக்கிளை கண்ணில் பட்டது.

டப்.

ஒடிந்தது வெறும் கிளையா? கிழவரின் கை. பாறையைக் கவ்விய விழுதுகள் கிழவரின் தாடி, வளைந்த அடிமரம் கிழவரின் முதுகு, அந்தக் கிளைதான் நிலவுக்கு நீளும் கை. கை போனால் அது வெறும் கிழவர். வெறும் கிழவர்கள் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

மகன் காங்தான் காப்பாற்றினான். அடுத்த வீட்டுத் தியெப்போடு அவனுடைய அப்பாவுக்கு வருஷக்கணக்காகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் தியெப்பின் மகள் லியூவோடு அவனுக்குப் பேச்சுவார்த்தைக்குக் குறைவில்லை. அவள் தனியாக வளர்த்துவந்த தொட்டி ஸான் ஒன்று, ஒடிந்த கிளையின் அதே பருமன், ஏறக்குறைய அதே வளைவு. அதைத் தொட்டியோடு தூக்கி வந்து கிழவரின் தோளோடு நெருக்கி வைத்து, இரண்டு பட்டையையும் செதுக்கி, பாலோடு பால் சேர அழுத்திக் கட்டினார்கள். கோடைச் சூட்டில் அது பிடித்துக்கொண்டது. பிறகு அதன் சொந்த வேரிலிருந்து அறுத்துவிட்டார்கள். தழும்பின் மேல் பாசி வைத்தார்கள்.

லுவான் புதுக் கண்ணோடு திரும்பி வந்தார். எறும்பின் காலைக்கூட எண்ண முடிகிறது என்றார். மரத்தின் முன்னால் நின்று, "என்னைப் பிரிஞ்சு இளைச்சுட்டியேப்பா" என்று கண் கலங்கினார். வேறொன்றும் அவர் கண்ணில் படவில்லை.

மியெனின் தண்டனை அன்று தொடங்கியது. முன்பெல்லாம் கணவர் கவிதை வாசித்தால் இரண்டாவது வரியில் தூங்கிவிடுகிறவள், அதற்கப்புறம் ஒவ்வொரு கவிதையையும் கடைசி வரை கேட்டாள். சில சமயம் "இன்னொரு தடவை வாசிங்க" என்றுகூடச் சொன்னாள். அவருக்குப் பிடித்த ஆற்று மீனைச் சித்தரத்தை போட்டு வேகவைத்தாள். இப்படியும் ஒரு தம்பதியா என்று ஊர் வியந்தது. தன் கவிதை மெருகேறிவிட்டது என்று லுவான் நம்பினார்.

இப்போது இன்றைக்கு வருவோம்.

கண்காட்சிக்குப் போகும் ஸான் மரத்தில் ஓர் இலை விடாமல் முன்கூட்டியே கையால் உருவிவிடுவார்கள். மொட்டையாக நிற்கும் மரம் பிறகு ஒரே சமயத்தில் துளிர்க்கும். சின்னச் சின்னதாக, பளபளவென்று, விழா நாளில் புதுச்சட்டை போட்டதுபோல நிற்கும். போன வருஷம் லுவான் குழுவோடு கோபித்துக்கொண்டிருந்ததால் இலை உருவவில்லை. இந்த வருஷம் குழுவே அவர்தான். உருவியாயிற்று.

நேற்று வரை எல்லாக் குருத்தும் ஊசிபோல மூடியிருந்தது. இரவில் வெதுவெதுப்பான தெற்குக் காற்று அடித்தது.

விடிந்து பார்த்தால் மரம் முழுக்க இளம்பச்சை. கை மட்டும் சிவப்பு. சாதாரணச் சிவப்பா அது? புதிதாக அரக்குப் பூசிய கிண்ணம்போல மினுக்கும் செப்புச் சிவப்பு.

செந்துளிர் ஸான் அந்த ஊரில் ஒரே ஒரு முற்றத்தில்தான் உண்டு. தியெப் அதிலிருந்து ஒரு பதியன் யாருக்கும் கொடுத்ததில்லை. கத்தரித்த குச்சிகளைக்கூட அடுப்பில் வைத்துவிடுவார், யாராவது பொறுக்கிக்கொண்டு போய் நட்டுவிடுவார்கள் என்று.

"அம்மா, எதுக்கு மரத்தையே சுத்திச் சுத்தி வர்ற? அப்பா பார்த்தா, கடைசியில உனக்கும் பக்தி வந்துருச்சுன்னு அதுக்கொரு கவிதை எழுதிடுவார்" என்றபடி காங் தண்ணீர் வாளியோடு வந்தான். வந்தவன் நின்றான். வாளியைக் கீழே வைத்தான். "ஐயையோ."

"மெதுவா சொல்லுடா."

"இத்தனையா? எப்பவும் அங்க ஒண்ணு இங்க ஒண்ணு சிவப்பா எட்டிப் பாக்கும். தண்ணி ஊத்தறப்பவே கிள்ளிருவேன்."

"இப்பவும் கிள்ளு."

"எல்லாத்தையுமா? கை மட்டும் மொட்டையா நிக்கும். மரமெல்லாம் துளிர்த்திருக்க, கிழவருக்குக் கை விளங்காமப் போச்சுன்னு குழு எழுதிட்டுப் போயிரும்."

மியென் ஏற்கெனவே ஒன்றைக் கிள்ளியிருந்தாள். கிள்ளிய இடத்தில் பால் துளிர்த்து வழிந்து, அவள் விரலோடு விரல் ஒட்டிக்கொண்டது. அதைத் தேய்த்துத் துடைத்துப் பார்த்தாள், போகவில்லை.

"உனக்கு ஊர்ல வேற மரமே கெடைக்கலையாடா?"

"'ஒட்டு, ஒட்டு, எதையாவது எடுத்து ஒட்டு'ன்னு பக்கத்துல நின்னு அழுதது யாரு?"

"நான் அழுதா? நீ மரத்தைப் பார்த்து எடுத்தியா, மரம் வளத்தவளைப் பார்த்து எடுத்தியா?"

காங் வாளியை எடுத்துக்கொண்டான். தண்ணீர் முழுவதையும் கிழவரின் காலடியில் ஊற்றினான்.

மியெனுக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒட்டரிசியை ஊறப் போட்டாள். கோழியை உரித்தாள். உரித்த கோழியையே மறுபடி இறகு தேடி உரித்தாள். நடுவில் நடுவில் முற்றத்துக்குப் போய், பச்சையாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும் அது இன்னும் கொஞ்சம் சிவந்திருந்தது.

நல்லவேளையாக லுவான் காலையில் ஒலிபெருக்கியை மட்டும் அண்ணாந்து பார்த்துவிட்டு உள்ளே போனவர், மரத்தின் பக்கம் வரவில்லை. கண்ணாடி முன்னால் நின்று, மரத்தைப் பற்றிய உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

மியென் கதவோரம் வந்து நின்றாள். "என்னங்க, எனக்கு ஒரு யோசனை."

"இப்ப யோசிக்க நேரமில்ல காங் அம்மா."

"பெரிய பெரிய சிலைக்கெல்லாம் துணி போட்டு மூடி, பேசி முடிச்சப்புறம் திறக்கறாங்களே. நம்ம மரத்துக்கு மட்டும் என்ன குறைச்சல்?"

கண்ணாடிக்குள் இருந்த லுவானின் முகம் மெல்ல மலர்ந்தது. "இது எனக்கு ஏன் தோணாமப் போச்சு?"

"உங்களுக்குத் தோணினதுதாங்க. போன மாசக் கவிதையில 'திரை விலகும்'னு ஒரு வரி இருந்துச்சே."

"இருந்துச்சா?"

"ரெண்டு தடவை வந்துச்சு."

தான் சொன்னதையே மனைவி எடுத்துச் சொல்வதைக் கேட்பதில் உள்ள சுகம் அவர் முகத்தில் பரவியது. "சிவப்புத் துணி" என்று ஆணையிட்டார்.

காங் துணியைப் போர்த்தியபடியே கேட்டான். "சரி, மூடியாச்சு. திறந்தப்புறம்?"

"அதுவரைக்குமாவது மூச்சு விடுறேன். அதுக்குள்ள சாராயம் நாலு சுத்து போயிரும். அப்புறம் அவங்களுக்கு எல்லாமே எல்லா நிறத்துலயும் தெரியும்."

பிற்பகல் குழு வந்தது. கூடவே தூறலும் வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற கலாசார அதிகாரி. பேசுவதற்கு முன் தொண்டையைச் செருமி, பேசிய பின்னும் செருமுகிறவர். மற்றவர்கள் தலையாட்டுவதற்காக வந்திருந்தார்கள். தேநீர், கடலை மிட்டாய், கோழி, ஒட்டரிசிச் சோறு, பிறகு சாராயம். முற்றத்தில் ஊர் நிறைந்துவிட்டது.

மியென் பரிமாறிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக அந்தப் படியை மிதிக்காத தியெப், மூங்கில் புகைக்குழலும் கையுமாக உள்ளே வந்துகொண்டிருந்தார். பின்னால் லியூ.

"இவரை யாரு கூப்பிட்டது?" என்று மியென் மகனிடம் பல்லைக் கடித்தாள்.

"பொதுமக்கள் திரண்டு வரலாம்னு அப்பாதானே மைக்குல சொல்ல வெச்சாரு. எருமைக்குத்தானே தடை."

லுவான் வாக்குத் தவறாமல் ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டு பேசத் தொடங்கினார். அந்த இடம் சற்று மேடாக இருந்ததால் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தார்.

"என் தாத்தா இதைப் பாறையில ஏத்தினார். என் அப்பா இதோட முதுகை வளைச்சார். நான் என்ன செஞ்சேன்? நான் காத்திருந்தேன். காத்திருக்கறதுதான் கலை! தாத்தா தன் கையாலயே கம்பி சுத்தி நிலவுக்கு நேரா நீட்டிவிட்ட கை இது. இந்தக் கையில எங்க வம்சத்தோட ரத்தம் ஓடுது!"

துணியை இழுத்தார். அது கிளையில் மாட்டிக்கொண்டது. காங் ஓடிவந்து விடுவித்தான். துணி விழுந்தது.

யாரும் கைதட்டவில்லை.

ரத்தம் ஓடத்தான் செய்தது. தோள்பட்டைக்கு மேலே மட்டும், துல்லியமாக.

லுவான் மரத்தைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"சாயம்!" என்று அலறினார். "மழையில சாயம் போயிருச்சு! சாயம் போற துணியவா வாங்கிட்டு வந்த?"

சட்டைக் கையால் ஒரு துளிரைத் துடைத்தார். சட்டை வெள்ளையாகவே இருந்தது. துளிர் துடைத்ததில் இன்னும் நன்றாக மின்னியது. பின்வரிசையில் யாரோ கனைப்பதுபோலச் சிரித்தார்கள்.

தலைவர் செருமினார். "அவசரப்படக் கூடாது. கிழவர் காலமெல்லாம் நிலவுக்குக் கை நீட்டிட்டு இருக்கார். இன்னிக்கு நிலவு பக்கத்துல வந்திருக்கு. வெட்கத்துல கை சிவந்திருக்கு. இது இயற்கை எழுதின கவிதை."

குழு தலையாட்டியது.

அலறிய வாயை மூடாமலேயே லுவான் அதைச் சிரிப்பாக மாற்றிக்கொண்டார். "அதேதான்! நீங்க கண்டுபிடிக்கறீங்களான்னுதான் சும்மா சாயம்னு சொல்லிப் பார்த்தேன். இதுக்குன்னே ரெண்டு வருஷமா தனிப் பயிற்சி. தினமும் கைக்கு மட்டும் தனியா கவிதை வாசிச்சேன்."

"கைக்கு மட்டுமா?" என்றார் ஒரு குழு உறுப்பினர்.

"உள்ளங்கை பக்கமா நின்னு."

மியெனின் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. தப்பித்துவிட்டோம்! நாளைக்கு ஊரில் பாதிப் பேர் தங்கள் மரங்களுக்குக் கவிதை வாசித்துக்கொண்டிருப்பார்கள். இருக்கட்டும். அவள் சாராயக் குடுவையை எடுத்தாள்.

அப்போது புகைக்குழலில் தண்ணீர் கொடகொடவென்று கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. தியெப் நிதானமாக ஓர் இழுப்பு இழுத்துப் புகையை விட்டுவிட்டு முன்னால் வந்தார்.

"நல்லாப் பேசினீங்க லுவான் அண்ணே. கேட்டுட்டே இருக்கலாம்போல இருந்துச்சு. ஆனா அது எங்க வீட்டுக் குழந்தை."

"எது?"

"உங்க வம்சத்து ரத்தம்." ஒரு துளிரைக் கிள்ளி விரலில் உருட்டி மோந்தார். "இதோட அம்மா என் முற்றத்துல நிக்குது. தலைவர் வந்து பாக்கலாம். அதுக்கு யாரும் கவிதை வாசிக்கல. அது பாட்டுக்குச் சிவப்பாத்தான் துளிர்க்குது."

"பொறாமை! ஊரறிஞ்ச பொறாமை!"

"பொறாமைதான். அந்தப் பாசியக் கொஞ்சம் விலக்குங்க."

யாரும் விலக்கவில்லை. தியெப்பே சுட்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டினார். பாசி பொத்தென்று விழுந்தது. தோளைச் சுற்றி, கூடையின் விளிம்பு தைத்ததுபோல, ஒட்டுத் தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

தலைவர் இந்தத் தடவை செருமவே இல்லை. வெட்கத்தைப் பற்றித் தான் சொன்னது எதுவும் யார் நினைவிலும் இருக்கக் கூடாது என்பதுபோல வானத்தைப் பார்த்தார்.

"என் முற்றத்துக்குள்ள பக்கத்து வீட்டுப் பூனைகூட வராது. குச்சியக்கூட எரிச்சிருவேன். அப்புறம் இது எப்படி இங்க வந்துச்சு?" தியெப் திரும்பினார். அவர் பார்வை லியூவிடம் போய் நின்றது. லியூவின் பார்வை காங்கிடம் இருந்தது. காங் மட்டும்தான் அந்த முற்றத்தில் மிகுந்த அக்கறையோடு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லியூ. உன் தொட்டி ஸான் வேர் அழுகிச் செத்துப்போச்சுன்னு சொன்னியே?"

"சாகலப்பா" என்றாள் லியூ. "கட்டிக் கொடுத்துட்டேன்."

முற்றம் முழுக்க ஒரே நேரத்தில் மூச்சை உள்ளே இழுத்தது.

தியெப் புகைக்குழலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "வீட்டுக்கு நட. லுவான் அண்ணே, நாளைக்குக் காலைல ரம்பத்தோட வர்றேன். என் கை எனக்கு வேணும்."

அவர்கள் வாசல் தாண்டியதும் காங்கும் பின்னாலேயே போனான். "டேய்!" என்றாள் மியென். அவன் திரும்பவில்லை.

குழு கூடி ஆலோசித்து முடிவைத் தெரிவிக்கும் என்று தலைவர் சொன்னார். மிச்சமிருந்த கடலை மிட்டாய் அவர்களோடு ஆலோசனைக்குப் போயிற்று. ஊர், சொல்வதற்கு விஷயம் கிடைத்த மகிழ்ச்சியில் வேகமாகக் கலைந்தது.

முற்றத்தில் தூறலும் லுவானும் மியெனும் மட்டும் மிஞ்சினார்கள். அடுத்த வீட்டிலிருந்து தியெப்பின் கத்தல் கேட்டது. நடுவே காங்கின் குரலும் ஏறி ஏறி அடங்கியது.

லுவான் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்த நிலையில் அவர் அவ்வளவு உயரமானவர் இல்லை. சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

மியெனுக்கு இனி அடக்க முடியவில்லை. "காங்கைத் திட்டாதீங்க. நான்தான் செஞ்சேன்."

"என்னத்தை?"

"உங்க தாத்தாவோட கையை ஒடிச்சது நான்தான். நீங்க சைகோன் போயிருந்தப்ப. கொடியில இடமில்லன்னு போர்வையத் தூக்கி மேல போட்டேன்."

"எந்தப் போர்வை?"

"பூப்போட்ட பஞ்சுப் போர்வை."

"அது கனமாச்சே."

"அதான் ஒடிஞ்சிருச்சு." அவளுக்கு அழுகை வந்தது. "ரெண்டு வருஷமா எனக்கு நிம்மதியா ஒரு தூக்கம் கிடையாது. தாத்தா தன் கையாலயே நீட்டிவிட்டதுன்னு நீங்க சொல்லும்போதெல்லாம் எனக்கு உயிர் போயிட்டு வரும். அதுக்காகத்தான் நீங்க எழுதினதையெல்லாம் உக்காந்து கேட்டேன்."

லுவான் நிமிர்ந்தார். "எல்லாத்தையுமா? அதுக்காகவா?"

"அந்த வாத்துக் கவிதை உட்பட."

அவர் சட்டைக் கையைப் பிழிந்தார். எது அவரை அதிகம் தாக்கியது, கையா கவிதையா என்று மியெனுக்குத் தெரியவில்லை. பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இவ்வளவு மெதுவாகப் பேசி அவள் கேட்டதில்லை.

"நீ ஒடிச்சது தாத்தாவோட கை இல்ல."

"பின்ன?"

"அது நான் ஒட்டினது. நீ வாழ வந்த வருஷம். நம்ம கோயில் குட்டை ஓரத்துல இருந்து எடுத்துட்டு வந்து."

மியென் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப தாத்தா நீட்டிவிட்ட கை?"

லுவான் மரத்தைப் பார்த்தார்.

"உங்க அப்பா சீரா அனுப்பின ஆடு தின்னுடுச்சு."